குமரி மாவட்டத்தில் ஸ்டே கம்பி இல்லாத ஹாம் ரேடியோ டவர்: தேர்வு முதல் ஏற்றம் வரை

ஸ்டே கம்பி இழுத்துக் கட்டும் டவர் மலிவு, எடையும் குறைவு. ஆனால் 15 மீட்டர் டவருக்கு நங்கூரங்கள் அடியிலிருந்து 10.5 முதல் 12 மீட்டர் தள்ளி, மூன்று திசையிலும் இருக்க வேண்டும். ஐந்து சென்ட், ஆறு சென்ட் மனையில் வீடு, கிணறு, நாலு தென்னை போக அந்த இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், பலருக்கும் தன் காலில் தானே நிற்கும் டவர் ஒன்றே வழி. அது தரையில் எடுத்துக்கொள்வது இரண்டு, இரண்டரை மீட்டர் சதுரம்தான். அந்தச் சிக்கனத்துக்கான விலையை இரும்பிலும் கான்கிரீட்டிலும் கொடுக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் டவரைக் கெடுப்பவை இரண்டு: உப்புக் காற்று, வேகக் காற்று. கையில் உள்ள பணம் 18 மீட்டர் சாதாரண டவருக்கும் 12 மீட்டர் நல்ல டவருக்கும் சமமாக வந்தால், 12 மீட்டரை வாங்குங்கள்.

முதலில், எவ்வளவு உயரம்?

உயரத்தை அலைநீளத்தால் அளக்க வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 21 மீட்டர். ஒரு திசையை நோக்கி வீசும் யாகி ஆண்டெனா அரை அலை உயரத்தில், அதாவது பத்தரை மீட்டரில் இருந்தால் அதன் முக்கிய வீச்சு ஏறத்தாழ 30 பாகையில் மேலே போகும். 15 மீட்டருக்கு ஏற்றினால் 20 பாகை, 21 மீட்டரில் 14 பாகை. தொலைதூரத் தொடர்புக்குக் கோணம் தாழத் தாழ நல்லது. பத்திலிருந்து பதினைந்துக்குப் போகும்போது கிடைக்கும் ஆதாயம் பெரிது. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் செலவு ஏறும் வேகத்தில் ஆதாயம் ஏறாது. 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் மூன்றுக்கும் ஒரே யாகி வைப்பவருக்கு 12 முதல் 15 மீட்டர் போதும்.

7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுழலும் யாகி வைக்கும் ஆசை இருந்தால் அதை விட்டுவிடலாம். அந்த அலைக்கு 15 மீட்டர் என்பது மூன்றில் ஒரு பங்கு அலைநீளத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டவர் உச்சிக்குக் கீழே கப்பி மாட்டி, தலைகீழ் வி வடிவ டைபோல் கம்பி ஆண்டெனாவை இழுத்துக் கட்டினால் ஊர்த் தொடர்புக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் அது தாராளம்.

வி.எச்.எஃப். (145 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைகள்) மட்டும் போதும் என்பவருக்குக் கணக்கு வேறு. ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில், உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வரும்: 15 மீட்டருக்கு 16 கிலோமீட்டர், 30 மீட்டருக்கு 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எதிர்முனையின் தொடுவானத்தையும் இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் தூரம் இரட்டிக்காது. பூதப்பாண்டி, தோவாளைப் பக்கம் வடக்கே மலை எழுந்து நிற்பதால், அந்தத் திசைக்கு ஆறு மீட்டர் கூட்டுவதால் ஒன்றும் ஆகாது. செல்பேசியில் கோணம் அளக்கும் செயலியால் மலைமுகட்டின் உயரக் கோணத்தை எல்லாத் திசையிலும் குறித்துக்கொண்ட பிறகு முடிவெடுங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குளச்சலிலோ முட்டத்திலோ உங்கள் மனைக்கு முன்னால் உப்புத் தண்ணீர் விரிந்து கிடந்தால், செங்குத்து ஆண்டெனாவுக்கு அதைவிட நல்ல தரை கிடையாது. கடல் பக்கத் திசைகளுக்கு டவரே இல்லாமல், தண்ணீரை ஒட்டி ஒரு செங்குத்து ஆண்டெனா வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் டவருக்கு யோசிக்கலாம்.

காற்றுக் கணக்கு

ஐ.எஸ். 875 பகுதி 3 (2015) என்ற இந்தியத் தர ஆவணத்தின் வரைபடத்தில் நம் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நூறாண்டு ஆயுளுக்கான தொலைத்தொடர்பு டவருக்கு 1.06, கடலைப் பார்த்த திறந்த நிலத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு 1.09 என்று பெருக்க வேண்டும். வருவது நொடிக்கு 45 மீட்டர், மணிக்கு 162 கிலோமீட்டர். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் கிடைக்கும்: சதுர மீட்டருக்கு சுமார் 1,218 நியூட்டன், எளிதாகச் சொன்னால் 124 கிலோ. அதே டவர் மரமும் வீடும் அடர்ந்த ஊருக்குள் நின்றால் இரண்டாவது பெருக்கெண் 0.97 ஆகி, அழுத்தம் 98 கிலோவுக்கு இறங்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் தனிக் கதை. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. சரிவிலும் முகட்டிலும் நிற்கும் கட்டுமானத்துக்கு இதே ஆவணம் நிலவமைப்புப் பெருக்கெண் ஒன்று தருகிறது, அது 1.36 வரை போகும். வேகம் 1.36 மடங்கு என்றால் அழுத்தம் 1.85 மடங்கு. குன்றின் மேல் வீடு உள்ளவர்கள் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் ஒரு போல்ட்டும் வாங்க வேண்டாம்.

புயலே வராத ஊர் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி பதில் சொல்லிவிட்டது. ரப்பரும் வாழையும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும் சாய்ந்த அந்த நாளைக்குத் தாங்கும் டவர்தான் கணக்குக்குரிய டவர்.

வெளிநாட்டு டவர் விளம்பரங்களில் ஒரு பொறி உண்டு. ‘ஒரு சதுர மீட்டர் ஆண்டெனா தாங்கும்’ என்று இருக்கும். சின்ன எழுத்தில் மணிக்கு 113 கிலோமீட்டர் காற்றில் என்று இருக்கும். 162-ஐ 113-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் இரண்டுக்குச் சற்று மேல் வரும். ஆகவே இங்கே அந்த டவர் தாங்குவது அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. டவர் மேலேயே விழும் காற்றுச் சுமையும் இரட்டிப்பாகிவிடுவதால், உண்மையில் அதைவிடவும் குறைவு.

எந்த வகை டவர்

முக்கோண லாட்டிஸ் (இரும்புச் சட்டங்களின் பின்னல்), சதுர லாட்டிஸ், ஒற்றைக் குழாய்க் கம்பம், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஏறி இறங்கும் டவர் என்று நான்கு உண்டு. ஏறி இறங்கும் டவர் பார்க்க ஆசையாக இருக்கும். ஆண்டெனாவைத் தரைக்குக் கொண்டுவந்து வேலை செய்யலாம். ஆனால் அதன் எஃகு வடமும் கப்பியும் உப்புக் காற்றில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் துருப்பிடிக்கும். வடம் அறுந்தால் உள்ளே ஏறிய பகுதி கத்திபோல் கீழே வரும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இதை வாங்கச் சொல்ல முடியாது. ஒற்றைக் கம்பம் அழகு; ஏறுவது கஷ்டம், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது.

இங்கே பொருத்தம் ஆங்கிள் இரும்பில் போல்ட் போட்டுச் சேர்க்கும் முக்கோண லாட்டிஸ். சதுரத்தைவிட ஒரு கால் குறைவு, காற்றெதிர்ப்பும் குறைவு. 60 பாகைக்கு வளைத்த ஆங்கிள் கிடைக்காவிட்டால் இணைப்புத் தகடுகளை அந்தக் கோணத்துக்கு வளைக்க வேண்டிவரும். பட்டறைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் சதுரமே செய்யலாம், கான்கிரீட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். குழாய்க் கால் டவர் லேசாக இருந்தாலும் துரு உள்ளேயிருந்து தின்னும், கண்ணுக்குத் தெரியாது. ஆங்கிளின் ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டுப் பார்க்கலாம்.

15 மீட்டர் டவருக்கு ஒரு மாதிரி அளவு: அடி அகலம் 1.2 மீட்டர், உச்சி 0.4 மீட்டர், 3 மீட்டர் நீளத்தில் ஐந்து பகுதிகள். கீழ் இரண்டு பகுதிக்குக் கால்கள் 65×65×6 ஆங்கிள், மீட்டருக்கு 5.8 கிலோ, மேலே 50×50×6, மீட்டருக்கு 4.5 கிலோ. குறுக்குச் சட்டங்கள் 40×40×5. கால் இணைப்புக்கு 16 மி.மீ. போல்ட், குறுக்குச் சட்டத்துக்கு 12 மி.மீ. மொத்த எடை 400 கிலோவை ஒட்டி வரும். கடைசி முடிவு பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தில்தான். இந்த அளவுகள் அவரிடம் பேசத் தொடங்குவதற்கு.

கழற்றிய செல்போன் டவர் பகுதிகள் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் நான்கு விஷயம் பாருங்கள்: கால்கள் நேராக இருக்கின்றனவா (நூல் பிடித்துப் பார்த்தால் தெரியும்), போல்ட் ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருக்கின்றனவா, துத்தநாகம் செதிலாக உரிகிறதா, எங்காவது காஸ் கட்டர் பட்டிருக்கிறதா. கட்டர் பட்ட துண்டை எடை போட்டுக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

துத்தநாகப் பூச்சு

கேட்க வேண்டியது ‘ஹாட் டிப்’, அதாவது உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுத்த பூச்சு. ஐ.எஸ். 4759 படி 5 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் பூச வேண்டும். தடிமனில் சுமார் 85 மைக்ரான். 2 முதல் 5 மி.மீ. வரை 460 கிராம். எலெக்ட்ரோபிளேட்டிங் செய்த பளபள போல்ட்டுகளில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் சிவப்பு இறங்கும்.

கடும் கடலோரச் சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையும். அந்தக் கணக்கில் 85 மைக்ரான் என்பது பத்திலிருந்து இருபது ஆண்டு. தேங்காப்பட்டணம், மணக்குடி போல அலைச்சாரல் வரும் ஊர்களில் பூச்சின் மேல் எட்ச் பிரைமர், எபாக்ஸி, அதன் மேல் பாலியூரித்தேன் பெயின்ட் என்று மூன்று அடுக்கு அடித்தால் ஆயுள் கணிசமாகக் கூடும். திருவட்டாறு, குலசேகரம் பக்கம் பூச்சு மட்டும் போதும்.

வரிசை மாறக் கூடாது. வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடித்து, டவர் முழுவதையும் தரையில் படுக்கவைத்துப் போல்ட் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் முக்கக் கொடுக்க வேண்டும். பூச்சு முடிந்து வந்தபின் ‘இந்த ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கணும்’ என்றால், அந்த ஓட்டையில்தான் முதல் துரு தொடங்கும். துளைகளைப் போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக வைத்தால் பூச்சுக்குப் பிறகும் போல்ட் இறங்கும். மூடிய குழாய் எதையும் தொட்டிக்கு அனுப்பாதீர்கள்: உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும், தொட்டிக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பகுதிகளுக்கு அடையாள எண்ணைப் பெயின்ட்டால் எழுதினால் அமிலக் குளியலில் போய்விடும், பஞ்ச் குத்துங்கள்.

இடமும் அனுமதியும்

மின்கம்பி முதல் கேள்வி. டவர், மாஸ்ட் (உச்சியில் ஆண்டெனாவைத் தாங்கும் குழாய்), ஆண்டெனா சேர்ந்த உயரத்துடன் 3 மீட்டர் கூட்டி, அந்த வட்டத்துக்குள் எந்த மின்கம்பியும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த மூலையை மறந்துவிடுங்கள், 11 கே.வி. லைன் பக்கத்தில் அலுமினியக் குழாயைத் தூக்குவது மரணம்.

மொட்டை மாடியில் தன் காலில் நிற்கும் டவர் நிறுத்தலாமா என்று பலரும் கேட்பார்கள். மேலே சொன்ன டவர் தன் அடியில் கொடுக்கும் கவிழ்ப்பு விசை ஏழு டன்-மீட்டர் வரும் (கணக்கு அடுத்த பகுதியில்). 100, 125 மி.மீ. கூரைத் தளம் அதற்காகக் கட்டியதல்ல. தூண்களின் தலைமேல் இரும்பு உத்திரம் போட்டு 3 மீட்டர் கட்டைக் கோபுரம் வைப்பது வேறு விஷயம்.

உரிமத்தில் உள்ள நிலைய முகவரியும் டவர் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ உரிமம் தரும் டபிள்யூ.பி.சி. பிரிவுக்கு சரல் சஞ்சார் இணையதளம் வழியே தெரிவியுங்கள், டவர் உயரத்துக்கு சாக்ஃபா (ஆண்டெனா அமையும் இடத்துக்கான) அனுமதி பொருந்துமா என்பதையும் அங்கேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மேற்குக் கோடியில் உள்ளவர்கள் திருவனந்தபுரம் விமான நிலைய உயர வரைபடத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறிவரும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. மலையோரக் கிராமங்கள் சில மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வரும். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி, எதுவானாலும் பொறியாளரின் உறுதிச் சான்றுடன் போனால் பாதி வேலை முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். ‘கதிர்வீச்சு’ என்ற புகார் பெரும்பாலும், சொல்லாமல் செய்ததால் வரும் கோபம்தான்.

அஸ்திவாரம்

முக்கோண லாட்டிஸில் காற்றெதிர்ப்புக் கெழுவையும் சேர்த்து மீட்டருக்கு 0.4 சதுர மீட்டர் என்று வைத்தால், 15 மீட்டருக்கு 6 சதுர மீட்டர். கடலோர அழுத்தம் 124 கிலோவால் பெருக்கினால் 745 கிலோ. அது ஏறக்குறைய 6.7 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது, ஆக 5 டன்-மீட்டர். மூன்று எலிமென்ட் யாகி, மாஸ்ட், ரொட்டேட்டர் (ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டார்) சேர்த்து 1 சதுர மீட்டர் என்றால் 124 கிலோ, 16 மீட்டரில்: 2 டன்-மீட்டர். மொத்தம் 7. அஸ்திவாரத்தின் அடிமட்டத்தில் கணக்கிட்டால், கிடைவிசை 0.87 டன்னை 1.5 மீட்டர் ஆழத்தால் பெருக்கி 1.3 கூட்ட வேண்டும்: 8.3 டன்-மீட்டர்.

இதை எதிர்ப்பது எடை. 2×2×1.5 மீட்டர் கான்கிரீட் கட்டை 6 கன மீட்டர், 14.4 டன். டவரும் ஆண்டெனாவும் அரை டன். 14.9 டன் பாதி அகலமான 1 மீட்டர் நெம்பில் நிற்பதால் 14.9 டன்-மீட்டர். பாதுகாப்பு 1.8 மடங்கு, ஒன்றரைக்குக் குறையக் கூடாது. ஆனால் கவிழ்வது மட்டும் கணக்கல்ல. புயல் நேரத்தில் கட்டையின் ஒரு விளிம்பு மண்ணை அழுத்தும் அழுத்தம் இதில் சதுர மீட்டருக்கு 11 டன்னைத் தாண்டுகிறது. கெட்டிச் சரள், செம்மண் இதைத் தாங்கும். கடற்கரை மணலும் நாஞ்சில் நாட்டு வயல் களிமண்ணும் தாங்காது.

அங்கே ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்: 2.5×2.5×1.3 மீட்டர். 8.1 கன மீட்டர், டவருடன் 20 டன். விளிம்பு அழுத்தம் ஆறு டன்னுக்குச் சற்று மேல் வந்துவிடும். வயலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவந்து கட்டையை மிதக்கவைக்கப் பார்க்கும். தண்ணீருக்குள் கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2.4 டன் அல்ல, 1.4 டன். இந்த அகலக் கட்டை முழுதும் நனைந்தாலும் 1.8 மடங்கு நிற்கும். முதலில் சொன்ன கட்டை நிற்காது. பாறை தட்டுப்பட்டால் உடைக்காதீர்கள், 25 மி.மீ. கம்பிகளைத் துளையிட்டு இறக்கி கிரவுட் செய்வது (இடுக்கை நீர்த்த சிமென்ட் கலவையால் நிரப்புவது) உறுதியானது, ஆழத்தைப் பொறியாளர் சொல்லட்டும்.

கெட்டி மண்ணுக்கான 6 கன மீட்டர் கட்டைக்கு வேண்டியவை: எம்30 என்ற வலிமைத் தரத்துக்கு சிமென்ட் 48 மூட்டை, எம்-சாண்ட் ஏறத்தாழ ஒரு யூனிட் (100 கன அடி), 20 மி.மீ. ஜல்லி ஒன்றே முக்கால் யூனிட். மேலும் கீழுமாக இரண்டு வலை, 12 மி.மீ. முறுக்குக் கம்பி 150 மி.மீ. இடைவெளியில், ஒவ்வொரு பக்கமும் 14 கம்பி. 12 மீட்டர் நீளக் கம்பி 11 வாங்கினால் வலைகளுக்குச் சரியாக இருக்கும், பக்கவாட்டுக்கும் நாற்காலிக்கும் இன்னும் இரண்டு. கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கான்கிரீட் மூட வேண்டும். அதற்குச் செங்கல் துண்டு வைக்காமல் கவர் பிளாக் வையுங்கள். எம்20 போதும் என்று சொல்வார்கள். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 கேட்பது எம்30, அலைச்சாரல் படும் இடத்துக்கு எம்35.

குழியை 1.4 மீட்டர் தோண்டுங்கள். அடியில் 100 மி.மீ. பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்), அதன் மேல் கட்டை. தரைக்கு மேல் 200 மி.மீ. தெரிய வேண்டும். பக்கங்கள் செங்குத்தாக நின்றால் சட்டம் வேண்டாம், தோண்டாத மண்ணோடு ஒட்டி வார்ப்பதே பலம். ஜே.சி.பி. குழியைச் சாய்வாக அகலமாக்கிவிடும். கடைசி ஓர் அடியைக் கூந்தாலியால் எடுக்கச் சொல்லுங்கள்.

நங்கூர போல்ட் காலுக்கு நான்கு, 20 மி.மீ., கான்கிரீட்டுக்குள் 750 மி.மீ., வெளியே 150. அடியில் 75×75×10 தகடு, அதன் மேலும் கீழும் நட்டு. புயலில் ஒரு காலை மேலே இழுக்கும் விசை 6.7 டன் என்பதால் வெறும் கொக்கி வளைவை நம்ப வேண்டாம். 12 போல்ட்டின் இருப்பிடமும் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டவரின் அடிப்பகுதியையே அச்சாக நிறுத்தி வார்ப்பது எல்லாவற்றிலும் நம்பகமானது. அதைக் கட்டுக் கம்பியால் கட்டாமல், இருபுறமும் மரச் சட்டம் குறுக்கே போட்டு, ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு பக்கமும் பார்த்து இறுக்குங்கள். வைப்ரேட்டர் போடும்போது அது அசையும். பாதி வார்த்ததும் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை மட்டம் பாருங்கள். மறுநாள் பார்த்தால் பார்த்ததுதான்.

தண்ணீர்தான் கொத்தனாரோடு சண்டை வரும் இடம். ஒரு மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், அதுவும் மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. ‘ஓட மாட்டேங்குது’ என்று கூட ஒரு வாளி ஊற்றினால் எம்30 எம்20 ஆகிவிடும். ஓட வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் சேருங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரித்தால் அதைக் கலவைக்கும் சேர்க்காதீர்கள், நனைக்கவும் ஊற்றாதீர்கள்: குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கடல் மணல் பேச்சுக்கே இடமில்லை. லாரி நுழையும் பாதை இருந்தால் 6 கன மீட்டர் ரெடிமிக்ஸ் ஒரே வண்டியில் வந்துவிடும். ஒரு மூட்டை மிக்சர் என்றால் 48 முறை ஓட்ட வேண்டும். இடையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் கட்டை இரண்டு அடுக்காகப் பிரியும், ஆள் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

மேல்பரப்பு வெளிப்பக்கம் சரிய வேண்டும். சாக்கை நனைத்து 14 நாள் மூடி வையுங்கள். மூன்று வாரம் கழித்து டவர், 28 நாளுக்குப் பிறகு ஆண்டெனா.

ஏற்றம்

மாதம் பார்த்துத் தொடங்குங்கள். தை முதல் பங்குனி வரை வானம் தெளிந்திருக்கும். சித்திரை, வைகாசியில் மாலை இடி. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று. ஆரல்வாய்மொழி, தோவாளையில் அப்போது டவர் மேல் நிற்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை. ஆக, மார்கழியில் குழி தோண்டி, மாசியில் ஏற்றுவது சௌகரியம். எந்த மாதமானாலும் காலை ஆறு முதல் பத்து மணிக்குள் உயர வேலை முடியட்டும்.

வண்டி வரும் இடத்தில் ஹைட்ரா கிரேன் கூப்பிட்டு, தரையில் 9 மீட்டர், 6 மீட்டர் என்று இரண்டாகச் சேர்த்துத் தூக்குவது மேல். ஒற்றையடிச் சந்து என்றால் ஜின் போல், அதாவது நிற்கும் பகுதியோடு கட்டி அடுத்த பகுதியைத் தூக்கும் தற்காலிகக் கம்பம். 50 மி.மீ. கனரக ஜி.ஐ. குழாய், 4.5 மீட்டர் நீளம், தலையில் கப்பி. ஏற்கனவே நிற்கும் பகுதியின் ஒரு காலோடு 1.5 மீட்டர் தழுவி இரண்டு இடத்தில் கட்டினால் 3 மீட்டர் மேலே நீளும். தூக்கும் பகுதியைப் பாதி நீளத்துக்குச் சற்று மேலே கட்ட வேண்டும். நுனியில் கட்டினால் கப்பி உயரம் போதாது, பாதிக்குக் கீழே கட்டினால் தலைகுப்புறப் புரளும். 12 மி.மீ. கயிறு டவர் அடியில் இன்னொரு கப்பி வழியாகத் திரும்பி, இழுப்பவர்கள் டவரிலிருந்து விலகி நிற்கும்படி போக வேண்டும். கப்பிக்கு நேர் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. தலைக்கப்பியில் விழுவது பகுதியின் எடை அல்ல, அதன் இரட்டிப்பு: 80 கிலோ பகுதிக்கு 160 கிலோ. ஜின் போலைக் கட்டும் யூ போல்ட்டை அதை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

மேலே ஒருவர், கூடினால் இருவர். முழு உடல் ஹார்னஸ், இரட்டைக் கொக்கிக் கயிறு, ஒரு கொக்கி எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். தென்னை ஏறிப் பழகியவர் ‘இதெல்லாம் எதுக்கு’ என்பார். தென்னையில் இரு கையும் மரத்தைப் பிடித்திருக்கும். இங்கே இரு கையிலும் ஸ்பானர்.

போல்ட்டுகளைப் பகுதி உட்காரும்வரை கையால் மட்டும் முறுக்கி, மேல் பகுதி ஏறியதும் கீழ்ப் பகுதியை இறுக்கிக்கொண்டே போங்கள். தூக்குநூல் விட்டு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசையிலிருந்து பார்த்து, உச்சி 30 மி.மீ.க்கு மேல் விலகாதபடி அடித்தகட்டின் கீழ் நட்டுகளால் சரிசெய்யலாம். பிறகு தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே உள்ள 25, 30 மி.மீ. இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் நிரப்புங்கள். சும்மா சிமென்ட் கலவை சுருங்கி விலகும், அந்த இடுக்கில் உப்பு நீர் நிற்கும். கீழ் இரண்டரை மீட்டருக்குத் தகடு அடித்தால் பிள்ளைகள் ஏற மாட்டார்கள்.

மாஸ்ட், கேபிள்

மாஸ்ட் குழாய் வளைந்து ஆண்டெனா தலை தொங்குவது அடிக்கடி பார்ப்பது. 48.3 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. சுவர் உள்ள கனரக ஜி.ஐ. குழாய், 0.6 சதுர மீட்டர் யாகியை மேல் பேரிங்கிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தாங்கும். 2 மீட்டர் உயரத்தில் வைத்தால் அதே புயலில் நிரந்தரமாக வளையும். இரண்டு மீட்டர் வேண்டுமென்றால் 60.3 மி.மீ. விட்டம், 4.5 மி.மீ. சுவர். ரொட்டேட்டரை உச்சிக்குக் கீழே டவருக்குள் வைத்து, உச்சியில் திரஸ்ட் பேரிங் போட்டால் வளைவு விசை ரொட்டேட்டருக்குப் போகாது.

145 மெகாஹெர்ட்ஸில் 40 மீட்டர் ஆர்.ஜி.-213 கேபிள் மூன்றரை டெசிபல் தின்னும். சக்தியில் பாதிக்கு மேல் போய்விட்டது. எல்.எம்.ஆர்.-400 வகை என்றால் இரண்டு டெசிபல். சிற்றலைகளுக்கு ஆர்.ஜி.-213 தாராளம். கனெக்டர்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் பி.வி.சி. டேப், கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓட்டுக்கூரைபோல மேல் சுற்று கீழ்ச்சுற்றை மூடட்டும். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிள் ஒரு தொங்கு வளைவு எடுத்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி

மலையடிவாரத்தில் சித்திரை, ஐப்பசி இடி கடுமை. ஒவ்வொரு காலுக்கும் 3 மீட்டர் செம்புப் பூச்சு எர்த் கம்பி ஒன்று. மூன்றையும் தரைக்கு அரை மீட்டர் கீழே 25×6 ஜி.ஐ. பட்டையால் வளையமாக இணைத்து, அஸ்திவாரக் கம்பியையும் அதில் சேருங்கள். வளையத்திலிருந்து வீட்டு மின் எர்த்துக்கு ஒரு பட்டை கட்டாயம் போக வேண்டும். தனித்தனி எர்த் இருந்தால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் வேறுபாடு எழும், அது உங்கள் ரேடியோ வழியாகத்தான் சமனாகும். செம்பை ஜி.ஐ.யோடு நேராக இறுக்கினால் துத்தநாகம் அரித்துப்போகும், இடையில் பைமெட்டல் தகடு வையுங்கள்.

எர்த் எதிர்ப்பு 10 ஓமுக்குள். சரள் மண்ணில் ஒரு கம்பிக்கு இது கிடைக்காது. உப்பும் கரியும் கொட்டும் பழைய வழி இந்த மழைக்கு நிற்காது, கரைந்து ஓடும், போகும் வழியில் ஜி.ஐ.யையும் தின்னும். பெண்டோனைட் (ஈரம் பிடித்துவைக்கும் களிமண்) போடுங்கள், வளையத்திலிருந்து 10 மீட்டர் பட்டை மூன்றை விசிறியாகப் புதையுங்கள். கேபிளின் உறையை உச்சியிலும் அடியிலும் டவரோடு இணைத்து, வீட்டுச் சுவரில் செம்புத் தகட்டில் சர்ஜ் அரெஸ்டர் (இடி மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பும் கருவி) மாட்டுங்கள்.

ஆண்டுக்கு இருமுறை

தென்மேற்குக் காற்று எழுமுன் வைகாசியில் ஒரு முறை, மழை ஓய்ந்த மார்கழியில் ஒரு முறை. ஸ்பானரோடு ஏறி எல்லாப் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் பல தளர்ந்திருக்கும், காரணம் இணைப்பு முகங்களில் உள்ள துத்தநாகம் அமுங்குவது. ஸ்பிரிங் வாஷரும் இரண்டாவது நட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு அமைதி. கால் கான்கிரீட்டைத் தொடும் இடத்தில் மண்ணும் சருகும் தேங்கவிடாதீர்கள், துரு முதலில் வருவது அங்கேதான். வெள்ளைப் பொடி துத்தநாகத்தின் உப்பு, பயமில்லை. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சிவப்பு தெரிந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை. எர்த் எதிர்ப்பை மட்டும் மார்ச் மாத வறட்சியில் அளக்க வேண்டும், மழை முடிந்ததும் அளந்தால் மீட்டர் நல்லதையே காட்டும்.